ஒவ்வாமையும் ஒப்புரவும்

ஒத்த உள்ளங்கள் கூடி வாழும் இடமே இல்லம் என்பர். ஆயினும், ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் எல்லாவற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒருவருக்கு இனிக்கும் உணவு மற்றொருவருக்குக் கசக்கிறது. ஒருவரைத் தூங்கவைக்கும் இசை மற்றொருவரின் தூக்கத்தைக் கலைக்கிறது. இத்தகைய வேறுபாடுகளைப் பேசியும் பொறுத்தும் விட்டுக்கொடுத்தும் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நல்ல குடும்பங்களில் உண்டு. உள்ளத்தின் விருப்பு வெறுப்புகள் காலப்போக்கில் மாறவும் கூடும். ஆனால், உடலே ஒன்றை ஏற்க மறுக்குமானால் அங்கே பேச்சுக்கு வேலையில்லை. எல்லாரும் அன்போடு வளர்க்கும் ஒரு பூனை, அதே வீட்டில் வாழும் ஒருவரின் மூச்சை அடைக்குமாயின், அவ்வீட்டார் என்ன செய்தல் வேண்டும்?

இது மருத்துவரிடம் கேட்கவேண்டிய சிறிய கேள்வி என்று சிலர் எண்ணலாம். மருத்துவர் மருந்தைச் சொல்வார், விலகியிருக்கச் சொல்வார். ஆனால், யார் விலகுவது, யாருடைய துன்பத்தை முதலில் எண்ணுவது, வாயில்லா உயிருக்குச் செய்யவேண்டிய கடமை எவ்வளவு என்பன மருந்துச் சீட்டில் எழுதப்படுவன அல்ல. அவை அறத்தைச் சார்ந்த கேள்விகள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ள இக்காலத்தில், பல வீடுகள் ஓசையின்றி எதிர்கொள்ளும் கேள்விகளும் ஆகும்.

சொல்லும் பொருளும்

1906ஆம் ஆண்டில் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே, 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்தார். கிரேக்க மொழியின் இரு சொற்களை இணைத்து, உடல் வழக்கத்துக்கு மாறாக வினைபுரிதலை அவர் அச்சொல்லால் குறித்தார். தமிழ் அதனை 'ஒவ்வாமை' என்று வழங்குகிறது. இத்தமிழ்ச் சொல் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒவ்வாமை என்பது பகைமை அன்று, வெறுப்பும் அன்று. ஒன்றோடொன்று பொருந்தாமை என்பதே அதன் பொருள். பொருந்தாமைக்கு இரு பக்கம் உண்டேயன்றிக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. நோயுற்றவர் பூனையை வெறுக்கிறார் என்பதும் பிழை. பூனை அவருக்குத் தீங்கு நினைக்கிறது என்பதும் பிழை.

ஒத்தல் என்னும் அதே கருத்தினடியாகப் பிறந்த மற்றொரு சொல்லும் தமிழில் உண்டு. அதுவே 'ஒப்புரவு'. அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். உலகத்தோடு பொருந்தி, தம்மைச் சூழ்ந்தவர்க்கு வேண்டுவது அறிந்து செய்தல் ஒப்புரவு. அவ்வாறு அறிந்து வாழ்பவனே உயிர்வாழ்பவன், ஏனையோர் இறந்தவருள் எண்ணப்படுவர் என்று அவ்வதிகாரத்தில் அவர் கடுமையாகவே கூறுகிறார். ஆகவே, ஒவ்வாமை உடலின் செயல். ஒப்புரவு உள்ளத்தின் செயல். முன்னது கேளாமல் வருவது. பின்னது முயன்று செய்வது. உடல்கள் ஒவ்வாத இடத்தில் உள்ளங்கள் ஒத்து நடக்க இயலுமா என்பதே இங்கு ஆராயவேண்டிய பொருள்.

பூனையின்மேல் குற்றம் உண்டா?

ஒவ்வாமைக்குக் காரணம் பூனையின் மயிர் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் காரணமாவது ஒரு புரதம். 'ஃபெல் டி 1' என அறிவியலார் பெயரிட்டுள்ள அப்புரதம் பூனையின் உமிழ்நீரிலும் தோலின் நெய்ச்சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனை தூய்மையை விரும்பும் விலங்கு. நாள்தோறும் நாவால் தன் உடலை நக்கித் தூய்மை செய்துகொள்ளும். அப்போது மயிரில் படியும் உமிழ்நீர் உலர்ந்து நுண்துகளாகிக் காற்றில் கலக்கிறது. அத்துகள்கள் மிகச் சிறியவை. ஆதலால் நெடுநேரம் காற்றில் மிதக்கின்றன. மெத்தையிலும் திரைச்சீலையிலும் சுவரிலும் உடையிலும் ஒட்டிக்கொள்கின்றன.

இதில் ஓர் உண்மை புலப்படுகிறது. பூனையின் நற்பழக்கம் என்று பாராட்டப்படும் தூய்மையே நோயைப் பரப்பும் வழியாகவும் அமைகிறது. நற்செயல் ஒன்று அறியாமலே பிறர்க்குத் துன்பமாக முடிதலை மனித வாழ்விலும் காணலாம். விடியற்காலையில் ஒருவர் உரக்க ஓதும் இறைவணக்கம் இரவுவேலை முடித்து வந்து படுத்திருக்கும் அண்டைவீட்டாரை வருத்தக்கூடும். செய்பவரிடம் குற்றமில்லை, ஆயினும் வருந்துபவரின் வருத்தம் பொய்யன்று. குற்றவாளி இல்லாத துன்பமும் துன்பமே. குற்றவாளியைத் தேடுவதில் காலம் கழிப்பவர்கள் துன்பத்தைத் துடைக்க மறந்துவிடுகின்றனர்.

காணாத நோய்

'மூக்குள்ளவரை சளி உண்டு' என்பது பழமொழி. அடுக்கடுக்காகத் தும்முபவரைப் பார்த்து இப்பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிடுதல் எளிது. கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடப்படுகிறது, காண்பவர் இரங்குகின்றனர். காய்ச்சல் உற்றவரின் நெற்றி சுடுகிறது, தொட்டவர் நம்புகின்றனர். ஒவ்வாமை உற்றவரோ பகலில் நலமாக நடமாடுகிறார்; இரவில் நெஞ்சு இறுக எழுந்து அமர்கிறார். மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் வந்து, அவர்கள் விழிக்கும் வேளையில் தணியும் நோயை நம்புவது அரிதாகிவிடுகிறது.

மருத்துவ உலகமும் இதில் தவறியதுண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இளைப்பு நோயை நரம்புத் தளர்ச்சியின் விளைவாகவும் மனக் கலக்கத்தின் விளைவாகவும் கருதிய மருத்துவர் பலர் இருந்தனர். 1966ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பணியாற்றிய சப்பானிய அறிவியல் இணையரான கிமிசிகே இசிசாக்கா, தெருக்கோ இசிசாக்கா ஆகியோரும், அதே காலத்தில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும், ஒவ்வாமையைத் தூண்டும் 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் பொருளைக் குருதியில் கண்டறிந்தனர். அதன்பின்னரே ஒவ்வாமையை அளந்து காட்டும் குருதிச் சோதனைகள் வந்தன. ஆனால், அளவுகோல் வருவதற்கு முன்பும் அந்நோயாளிகள் மூச்சுக்குத் திணறியே வந்தனர். சான்று வந்ததும் துன்பம் பிறக்கவில்லை. சான்று வந்ததும் பிறருடைய நம்பிக்கையே பிறந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு மூச்சுத் திணறல் அறியாத பொருளன்று. 2005ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் புகைமூட்டம் சூழ்ந்தபோது, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் முகமூடி அணிந்தனர். அன்று யாரும் யாரையும் பார்த்து, 'நீ நடிக்கிறாய்' என்று கூறவில்லை. எல்லார் கண்ணும் எரிந்தது; எல்லார் தொண்டையும் வறண்டது; ஆதலால் எல்லாரும் நம்பினர். அனைவர்க்கும் வரும் துன்பத்தைப் பேரிடர் என்று ஏற்கும் சமுதாயம், அதுபோன்ற துன்பம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வரும்போது அதனைப் பாசாங்கு என்று கருதலாமா? பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதிக் காவாவிடத்து, பெற்ற அறிவினால் பயன் யாது என்று கேட்டார் வள்ளுவர். 'தன் நோய்போல்' என்பதே அக்கருத்தின் உயிர்நாடி. தனக்கு வராத நோயையும் வந்ததுபோல் எண்ணிப் பார்க்கும் ஆற்றலே அறிவின் பயன்.

லயத்து வீடும் அடுக்குமாடி வீடும்

ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் தமிழர் வாழ்ந்த காலத்தில், பூனை பெரும்பாலும் எலி பிடிக்க வந்து தங்கிவிட்ட விருந்தாளியே. அஞ்சடியில் படுக்கும், அடுப்படியில் குளிர்காயும், இரவில் வெளியே திரியும். சன்னல்கள் திறந்திருந்தன, காற்று உள்ளும் புறமும் உலவியது. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு உள்ளாகியும் மறைய, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அடுக்குமாடி வீட்டில் அஞ்சடி இல்லை. பூனை வெளியே சென்றால் மாடியிலிருந்து விழக்கூடும், சாலையில் அடிபடக்கூடும். எனவே அது முற்றிலும் வீட்டுக்குள் வாழத் தொடங்கியது. வெப்பம் தாங்காமல் குளிரூட்டி பொருத்தப்பட்டது, சன்னல்கள் அடைக்கப்பட்டன. மனிதரும் பூனையும் மெத்தையும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டனர்.

'எங்கள் காலத்தில் யாருக்கு இந்த நோய் வந்தது?' என்று முதியவர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியில் உண்மையும் உண்டு, மறதியும் உண்டு. அக்காலத்தில் இளைப்பு இருந்தது. அதற்குப் பெயரும் இருந்தது. காரணம் மட்டுமே அறியப்படவில்லை. ஆனால், அக்காலத்து வீடு வேறு என்பதும் உண்மை. வீடு மாறியபின் பழைய வழக்கத்தை அப்படியே தொடர்வது பொருந்தாது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்சில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவரை இழந்த பாட்டி ஒருவர். அவர் மகன், மருமகள். பத்து வயதுப் பேத்தி. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட, பகல் முழுவதும் பாட்டிக்குத் துணை ஒரு பூனை. அது அவர் காலடியில் உண்கிறது. அவர் கட்டிலில் உறங்குகிறது. பாட்டியின் கட்டிலை ஒட்டியே பேத்தியின் படுக்கையும் இருக்கிறது. பேத்திக்கு இரவுதோறும் இளைப்பு வருகிறது. மருத்துவர் பூனையை ஐயுறுகிறார். மருமகள் வாய்திறந்தால் மாமியாரின் மனம் புண்படும். மகன் பேசினால் தாயைத் துன்புறுத்தியதாகும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்னும் பழங்கதை அவ்வீட்டில் உண்மையாகிறது. முடிவில் சிறுமியே பேசுகிறாள்: 'பாட்டி, பூனையை எங்கேயும் அனுப்ப வேண்டாம், எனக்குப் பழகிவிட்டது.'

அவளுக்குப் பழகவில்லை. இருமலைத் தலையணையில் புதைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள், அவ்வளவே. அன்பின் காரணமாகத் துன்பத்தை மறைப்பவர்களின் இசைவை உண்மையான இசைவாகக் கொள்ளுதல் ஆகாது. குழந்தை பொறுத்துக்கொள்கிறது என்பது பெரியவர்கள் வாளாவிருப்பதற்கு உரிமை தராது. பொறுத்துக்கொள்ளும் குழந்தைக்காகப் பேசவேண்டிய கடமை அங்கே இருமடங்காகிறது. இளைப்பு நோய் உயிருக்கே ஊறு செய்யவல்லது என்பதை அறிந்த எவரும், இதனைப் பூனையை விரும்புவோர்க்கும் விரும்பாதோர்க்கும் இடையிலான வழக்காகக் கருதமாட்டார். மூச்சு முதலில், மற்றவை பின்னர். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆராயாத தீர்ப்பு

ஆயினும், மூச்சு முதலில் என்பதனால் பூனையை அன்றே வெளியேற்ற வேண்டும் என்பதும் முடிவாகாது. தீர்ப்புக்கு முன் ஆராய்தல் வேண்டும். கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஏற்ற பாண்டியன், கோவலனைக் கொல்வித்தான்; உண்மை தெரிந்தபோது அரியணையிலேயே உயிர்நீத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அரசவைக்குப் பொருந்தும் நீதி அடுப்படிக்கும் பொருந்தும்.

மலேசியாவைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில், மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணிகளே ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களுள் அடங்குவன. கரப்பான் பூச்சியும் பூஞ்சணமும் காரணமாகலாம். தோலில் சிறு துளி இட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையும் குருதிச் சோதனையும் எது காரணம் என்பதை அறிய உதவுகின்றன. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோற்றம் கண்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஒவ்வாமை ஆய்வையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. சோதனைக்கு வழியிருந்தும் ஊகத்தின்மேல் ஓர் உயிரை வெளியேற்றுவது முறையாகாது. பூனையைப் பிடிக்காத ஒருவர், ஒவ்வாமையைச் சாக்காகக் கூறி அதனை ஒழிக்க முயல்வதும் நடப்பதுண்டு. நோயை நம்ப மறுப்பது ஒரு பிழையாயின், நோயின் பெயரால் பழிதீர்ப்பது மற்றொரு பிழை. உண்மையறியும் சோதனை இரண்டையும் தடுக்கிறது. அது சிறுமிக்கும் நீதி, பூனைக்கும் நீதி.

சோதிக்கும் முறையிலும் தவறு நேர்வதுண்டு. 'ஒரு வாரம் பூனையை உறவினர் வீட்டில் விட்டுப் பார்த்தோம், இருமல் நிற்கவில்லை, ஆகவே பூனை காரணமன்று' என்பார் உளர். பூனையை அகற்றிய வீடுகளில் அப்புரதத்தின் அளவு பூனையில்லா வீட்டின் அளவுக்குக் குறைய, பெரும்பாலும் இருபது முதல் இருபத்துநான்கு வாரங்கள் ஆகின்றன என்று 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்து மாதம் வேண்டிய இடத்தில் ஒரு வாரம் போதாது. அவசரமான தண்டனை எவ்வாறு தவறோ, அவ்வாறே அவசரமான விடுதலையும் தவறு.

சுமை யாருடையது?

பூனைதான் காரணம் என்று தெளிந்தபின், பெரும்பாலான வீடுகளில் நடப்பது யாது? நோயுற்றவரே மருந்து உண்கிறார். நோயுற்றவரே அறையை மாற்றிக்கொள்கிறார். நோயுற்றவரே கூடத்தில் அமராமல் ஒதுங்குகிறார். பூனையினால் மகிழ்ச்சி பெறுவோர் ஒருவர். அதற்கு விலை கொடுப்போர் மற்றொருவர். இந்த ஏற்றத்தாழ்வே அறத்துக்கு மாறானது. மகிழ்ச்சியைப் பெறுபவரே உழைப்பையும் ஏற்றல் முறை.

செய்யத்தக்கன பல உண்டு. நோயுற்றவரின் படுக்கையறைக்குள் பூனை நுழையாதவாறு கதவை எப்போதும் அடைத்தல் வேண்டும். நாளின் மூன்றிலொரு பங்கு அங்கேயே கழிகிறது. பாட்டியும் பேத்தியும் ஓரறையில் உறங்கும் வீடாயின் படுக்கைகளைப் பிரித்தல் வேண்டும். கம்பளத்தையும் கனத்த திரைச்சீலையையும் நீக்கித் தரையை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல் நன்று. நுண்துகளைப் பிடிக்கும் காற்றுவடிகட்டி ஓரளவு துணைசெய்யும். பூனையைத் தூக்கியவர்கள் கைகழுவி, உடை மாற்றிய பின்னரே நோயுற்றவரின் அறைக்குள் செல்லுதல் வேண்டும். விதையடிக்கப்பட்ட ஆண்பூனையிடம் இப்புரதம் குறைவு. பூனையைக் குளிப்பாட்டினால் பயன் உண்டு. ஆனால் அது சில நாள்களே நிற்கும். முட்டையிலிருந்து பெறும் ஒரு பொருளைச் சேர்த்த பூனை உணவு, மூன்றாம் வாரம் முதல் மயிரில் உள்ள புரதத்தின் வீரியத்தைச் சராசரியாக ஏறத்தாழப் பாதியளவு குறைப்பதாக அதனை உருவாக்கிய நிறுவனத்தின் ஆய்வு 2019இல் கூறியது. மருத்துவர் தரும் மருந்துகளும், சில ஆண்டுகள் தொடரவேண்டிய ஒவ்வாமை நீக்கு ஊசிமுறையும் உள்ளன. ஒவ்வாமையே தராத பூனையினம் என்று முழு உறுதியோடு சொல்லத்தக்கது எதுவுமில்லை. அவ்வாறு விளம்பரம் செய்வோரை நம்பி ஏமாறுதல் கூடாது.

இவற்றுள் மருந்து உண்பதைத் தவிர ஏனையவற்றை நோயுற்றவர் செய்யவேண்டியதில்லை. பூனையை விரும்புவோர் செய்யலாம், செய்தல் வேண்டும். துடைப்பமும் ஈரத்துணியும் எடுத்து நாள்தோறும் தரையைத் துடைப்பவரின் அன்பு, பூனைமேலும் அன்பு, பேத்திமேலும் அன்பு. பூனையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, துடைக்கும் வேலையை மருமகளுக்கு விடுபவரின் அன்பு பாதி அன்பே.

இடைவெளி என்பதைப் பிரிவு என்று எண்ணி அஞ்சத் தேவையில்லை. நெருக்கமே அன்பு என்று கருதும் பழக்கத்தால், விலகி நிற்பதை அன்பின்மை என்று மக்கள் பிழைபடக் கொள்கின்றனர். விளக்குக்கும் திரைச்சீலைக்கும் இடைவெளி வேண்டும் என்பதனால் விளக்கை யாரும் வெறுப்பதில்லை. அடைக்கப்பட்ட அறைக்கதவும் ஓர் அன்புச் செயலாகலாம்.

வகுப்பறையிலும் அதே கேள்வி

இது வீட்டுக்குள் முடியும் செய்தியும் அன்று. பூனை வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவரின் உடையில் ஒட்டி, அப்புரதம் பள்ளிக்கும் வருகிறது. பூனையே நுழையாத வகுப்பறைகளிலும் அது காணப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியான ஆய்வொன்று, பூனை ஒவ்வாமையும் இளைப்பும் உள்ள, தம் வீட்டில் பூனை இல்லாத பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தது. பூனை வளர்ப்போர் மிகுதியாக உள்ள வகுப்புகளில் பயின்ற பிள்ளைகளுக்கு, விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின் நோய் மோசமாகியது. குறைவாக உள்ள வகுப்புகளில் அந்நிலை அத்துணை இல்லை.

இதற்காகப் பூனை வளர்க்கும் பிள்ளைகளைப் பிரித்து அமர்த்துதல் அறமாகாது. அது புதிய தீண்டாமையாக முடியும். ஆனால், பள்ளி திறந்த வாரங்களில் ஒரு மாணவர் தொடர்ந்து இருமினால், உடற்பயிற்சியைத் தவிர்த்தால், வகுப்பில் கண்ணைக் கசக்கித் தூங்கிவழிந்தால், அவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் ஆசிரியர் ஒருகணம் எண்ணுதல் வேண்டும். இரவில் மூச்சுக்குப் போராடிய பிள்ளைக்குக் காலையில் இலக்கணம் நுழையாது. நம்பிக் கேட்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், வீட்டில் சொல்ல இயலாததைச் சிறுமி பள்ளியில் சொல்லக்கூடும்.

பிரிவின் அறம்

எல்லாம் செய்தும் இளைப்பு தணியவில்லையாயின், பூனையைப் பிரியத்தான் வேண்டும். அப்போதும் அறம் ஓய்வதில்லை. அங்கேதான் அதற்குக் கடுமையான வேலை தொடங்குகிறது.

வைணவப் பெரியோர் இறைவன் அருளை விளக்க இரு நியாயங்களைக் கூறினர். குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது. அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனையே அதனை வாயில் கவ்விக் காப்பாற்றுகிறது. அது மார்ச்சால நியாயம். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பூனை, தன்னை வளர்த்தவரிடம் அந்தக் குட்டியின் நிலையிலேயே இருக்கிறது. அது இரை தேடி அறியாது, சாலையை அறியாது. அதனைக் கவ்விச் சென்று பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டியவர் வளர்த்தவரே. இரவோடு இரவாகச் சந்தையோரத்திலோ உணவுக்கடையின் பின்புறத்திலோ விட்டுவிட்டு, 'எப்படியும் பிழைத்துக்கொள்ளும்' என்று திரும்புவது, பொறுப்பை இருளில் வீசியெறிவதாகும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டாலும் அவ்வாறே.

சட்டமும் இதில் ஓரளவு பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைகளின்படி, பிறருக்குத் தொல்லையோ உடல்நலக்கேடோ விளைவிக்கும் விலங்கை அகற்றுமாறு நிருவாகம் எழுத்தால் அறிவித்தால், மூன்று நாள்களுக்குள் அகற்றுதல் வேண்டும். அதே 2015இல் இயற்றப்பட்டு, 2017ஆம் ஆண்டு சூலை முதல் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம், விலங்குக்குக் கொடுமை இழைப்போர்க்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஒரு சட்டம் மனிதரைக் காக்கிறது. மற்றொன்று விலங்கைக் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே, புதிய வீடொன்றைத் தேடித்தரும் உழைப்பைச் சட்டம் செய்யாது. அதனை வளர்த்தவரே செய்தல் வேண்டும்.

இந்நாட்டில் அதற்கு வழியும் உண்டு. மலாய் அண்டைவீட்டார் பலர் பூனையை மிகுந்த பரிவோடு வளர்க்கின்றனர். நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவர் பூனைக்குட்டியின் தந்தை என்னும் பொருள்பட அபூ ஹுரைரா என்று அழைக்கப்பட்டார். பூனையை உணவின்றி அடைத்துவைத்த பெண் தண்டனைக்கு உள்ளானாள் என்பதும் இசுலாமிய மரபில் வழங்கும் செய்தி. அம்பாங்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இயங்குகிறது. தெரிந்த ஒரு குடும்பத்திடம் பூனையின் பழக்கங்களைச் சொல்லி, உணவுக்கலத்தையும் படுத்துறங்கிய துணியையும் உடன் கொடுத்து, சில வாரங்கள் கழித்துச் சென்று பார்ப்பது, இழந்த உறவுக்குச் செய்யும் மரியாதை.

கன்றை இழந்த பசு மணியை அசைத்தது; அதன் குறையைக் கேட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன் என்னும் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கின்றனர். அக்கதையின் கடுமையைப் பின்பற்றவேண்டியதில்லை. வாயில்லா உயிருக்கும் வழக்குரைக்கும் உரிமை உண்டு என்னும் அதன் கருத்தைப் பின்பற்றலாம். வீட்டுப் பூனை அசைக்க மணி ஏதுமில்லை. அதன் குறையைக் கேளாமலே கேட்டறிய வேண்டும்.

இன்னொரு நோயையும் மறத்தல் ஆகாது. அது பாட்டியின் தனிமை. பூனை ஒரு விலங்காக மட்டும் அவ்வீட்டில் இருக்கவில்லை. யாரும் பேசாத நீண்ட பகல்களில் அவர் பேச்சைக் கேட்ட உயிராகவும் இருந்தது. பூனையை அனுப்பிவிட்டு, 'சிக்கல் தீர்ந்தது' என்று மகனும் மருமகளும் நிம்மதி கொண்டால், ஒருவரின் நெஞ்சடைப்பை நீக்கி மற்றொருவரின் நெஞ்சில் அதனை வைத்தவர் ஆவர். பூனை கொடுத்த நேரத்தை இனி மனிதர் கொடுத்தல் வேண்டும். மாலையில் அரைமணி நேரம் பாட்டியருகே அமர்ந்து பேசுவது மகனுக்கு இயலாத செயலன்று. இரவில் பாட்டியிடம் கதை கேட்பது, மூச்சு சீரான பேத்திக்கு இன்பமான செயலே.

ஒவ்வாதவை உலகில் என்றும் இருக்கும். எல்லா உடல்களும் எல்லாவற்றையும் ஏற்கும்படி மனிதன் படைக்கப்படவில்லை. பல இனம், பல சமயம், பல உணவு, பல வழக்கம் கலந்து வாழும் இந்நாட்டில் இவ்வுண்மையை யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. துன்புறுபவரை நம்புதல், காரணத்தை ஆராய்தல், சுமையைப் பகிர்தல், விலக வேண்டியபோது பொறுப்போடு விலகுதல், விலகியபின் எஞ்சும் வெறுமையை நிரப்புதல் ஆகிய ஐந்தும் கைவரப்பெற்ற வீட்டில் ஒவ்வாமை நோயாக மட்டுமே நிற்கும், பகையாக வளராது. ஒரு சிறுமி தன் இருமலைத் தலையணையில் மறைக்கத் தேவையில்லாத வீடே ஒப்புரவு அறிந்த வீடு.